எழுத்துக்கும் தாலிக்கும் நடுவே ஒரு பாஸ்போட்

எங்கள் ஆட்களிடம் கலியாணம் இரண்டு தரம் நடக்கும். முதலாவது எழுத்து. விவாகப் பதிவுகாரர் பெரிய புத்தகத்தோடு வீட்டுக்கு வருவார். பெண்ணும் மாப்பிள்ளையும் அதில் கையெழுத்துப் போடுவார்கள். பலகாரமும் தேத்தண்ணியும் கொடுத்து அவரை அனுப்பிவைப்போம். பிறகு நாள் பார்த்து, மணவறை போட்டு, மேளம் பிடித்துத் தாலி கட்டுவது இரண்டாவது. சட்டத்துக்கு முதலாவது போதும். ஊருக்கு இரண்டாவதுதான் கலியாணம். இரண்டுக்கும் நடுவில் சில கிழமைகள் போகும், மிஞ்சினால் சில மாதங்கள். அதுவரை பெண் தாய்வீட்டில்தான் இருப்பாள். எழுத்து முடிந்த மாப்பிள்ளை வந்தால் விறாந்தையில் கதிரை போட்டு இருத்துவார்களே தவிர, பெண்ணோடு தனியாகக் கதைக்க விடமாட்டார்கள். நான் அந்த இடைவெளிக்குள் விழுந்து, ஏற வழி தெரியாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் அதற்குள்ளேயே கிடந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டையில் இருந்தோம். குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. காடு வெட்டி வரம்பு கட்டி, இரண்டு போகம் விளைவித்துவிட்டு ஐயா காய்ச்சலில் போய்விட்டார். ஊருக்குத் திரும்பி வா என்று ஆட்கள் கூப்பிட்டும் அம்மா போகவில்லை. வாய்க்கால் தண்ணீருக்கு ஆண்களோடு சரிக்குச் சரி நின்று வாதாடி வயலைத் தானே பார்த்துக்கொண்டார். நான் யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் பத்தாம் வகுப்பு முடித்து, ஓரளவு இங்கிலீசோடு அம்மாவிடம் வந்து சேர்ந்திருந்தேன்.

அம்மாவைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் பொய் சொல்லமாட்டார். புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதனால் வீட்டில் நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எங்கள் எருமையை வாங்க வந்தவர் வாயைத் திறக்க முதலே, "இது உதைக்கும், பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லி அவரை வெறுங்கையோடு அனுப்பியவர் அம்மா. விருந்துக்குப் போன வீட்டில் கறி எப்படி என்று கேட்டால், கேட்டவருக்குத்தான் பிறகு சாப்பாடு இறங்காது.

மாப்பிள்ளை கிளிநொச்சியில் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் வாய்க்கால்களுக்குப் படம் கீறுகிறவர். பேசி வந்த சம்பந்தம். நான் அவரை முதல்முதலாக ஒழுங்காகப் பார்த்தது எழுத்தன்றுதான். அதுவும் முகத்தை அல்ல, கையை. விரல் நுனியில் மை படிந்திருந்தது. கையெழுத்தையும் படம் கீறுவதுபோல மெதுவாகப் போட்டார். சாட்சிக் கையெழுத்துப் போட வந்திருந்த எங்கள் ஊருக்கு அரசாங்கத் தலைமைக்காரரான விதானையார் பயத்தம் பணியாரத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டே, "மாப்பிளை கெதியாப் போடும், ஆறுது" என்றார். ஆறியது அவருடைய தேத்தண்ணி.

எழுத்து கார்த்திகையில். தாலி கட்டு தையில் என்று முடிவாகியிருந்தது. அவர் லண்டனில் ஒரு வேலைக்கும் அதோடு சேர்ந்த இரவுப் படிப்புக்கும் எழுதிப்போட்டிருந்தார். சித்திரையில் போனால் போதும் என்றிருந்தது. ஆனால் மார்கழி நடுவில் கொழும்பிலிருந்து தந்தி வந்தது. கப்பலில் யாரோ பயணத்தை நிறுத்தியதில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, இப்போதே வந்தால் உண்டு, விட்டால் எப்போதென்று தெரியாது.

மார்கழியில் தாலி கட்டலாமா என்று மாப்பிள்ளை வீட்டார் ஆள்விட்டுக் கேட்டார்கள். அம்மா ஒரே சொல்லில் மறுத்துவிட்டார். "மார்கழியிலை எங்கடை ஆக்கள் ஆரும் தாலி கட்டினவையோ? பொறுத்தது பொறுத்தம், அந்தத் தம்பி போட்டு வரட்டும்" என்றார். போய்வருவதென்றால் கிளிநொச்சிச் சந்தைக்குப் போய்வருவது என்று நினைத்தாரோ தெரியவில்லை. மாப்பிள்ளை புறப்படும் முன் வந்து விறாந்தைக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். அம்மா வாசலில் நின்றார். நான் கதவோரம் நின்றேன். "எழுதுவன்" என்று தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

சொன்னபடி எழுதினார். முதல் வருஷத்து நீலக் கடிதங்களில் குளிரும் பனியும்தான் இருந்தன. பிறகு ஒருநாள் தடித்த உறை ஒன்று வந்தது. உள்ளே அச்சடித்த விதிமுறைத் தாள் ஒன்றும் அவருடைய கடிதமும். அங்கே புதுச்சட்டம் வந்துவிட்டது, வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்குக் கதவு ஒடுங்குகிறது, இனிப் பிந்துவது நல்லதல்ல என்று எழுதியிருந்தார். நீங்கள் மூன்று வழியால் வரலாம் என்று தொடங்கி, வாய்க்கால் பிரிகிற இடத்துக்குப் படம் கீறுவதுபோல ஒரு கோட்டிலிருந்து மூன்று கோடு இழுத்து, ஒவ்வொன்றின் முனையிலும் குறிப்பு எழுதியிருந்தார். மனைவி என்ற முறையில் வரலாம். கலியாணம் செய்ய நிச்சயித்த பெண் என்ற முறையில் வந்து, குறித்த காலத்துக்குள் அங்கே கலியாணம் செய்யலாம். அல்லது தாதிப் பயிற்சிக்கு ஓர் ஆஸ்பத்திரியில் இடமெடுத்து, யாருடைய தயவும் இல்லாமல் வரலாம். கடைசி வரியில், "இதில் எது உங்களுக்கு விருப்பம்?" என்று கேட்டிருந்தார்.

அந்தக் கேள்வியை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு எது விருப்பம் என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. சீலைக் கடையில்கூட அம்மாதான் நிறம் தெரிந்தெடுப்பார். விறாந்தையில் இருந்து கோப்பையோடு கதைத்துவிட்டுப் போன மனிதர் கப்பலேறிப் போய் அங்கிருந்து கேட்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. அன்றிலிருந்து அவர்மேல் எனக்கு ஆசை வந்தது என்று இப்போது வெட்கமில்லாமல் சொல்லலாம். அந்த ஆளிடம் போய்ச் சேரவேண்டும், அது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. எந்த வழியால் என்பதுதான் தெரியவில்லை.

அச்சடித்த எதைக் கண்டாலும் வாசிக்கிற பழக்கம் எனக்கு. சீனி சுற்றிவந்த பேப்பரையும் விடமாட்டேன். அந்த விதிமுறைத் தாளை அகராதியோடு வைத்து வரி வரியாகப் பிரித்தேன். ஒரே ஆளான நான் மூன்று பெண்களாக அதற்குள் இருந்தேன். ஒருத்தி மனைவி. ஒருத்தி இன்னும் மனைவியாகாதவள். மற்றவளுக்குப் புருஷன் என்ற பேச்சே இல்லை, வெள்ளைத் தொப்பி மட்டும் உண்டு. வயலில் காகம் கலைக்கும்போதும் நெல் காயப்போடும்போதும் ஒவ்வொருத்தியாக இருந்து பார்த்தேன். மூவரையும் எனக்குப் பிடித்திருந்தது.

அம்மாவுக்குத் தமிழில் சொன்னபோது அவர் முறத்தைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பெண்சாதி எண்டு போறதெண்டால் எப்பிடி?"

"கப்பலாலை இறங்கி நேரை அவர்ர வீட்டுக்குப் போறது அம்மா."

"தாலி இல்லாமலோ?"

"எழுத்து முடிஞ்சதுதானே."

"கடதாசியிலை கீறினால் பெண்சாதியோ? அப்ப அந்தப் பதிவுகாரர் கலியாணம் செய்து வைச்ச ஆளோ? விசர்க்கதை கதையாதை. தாலி ஏறாத பிள்ளையை ஒரு ஆம்பிளை இருக்கிற வீட்டை நான் அனுப்பமாட்டன்." பிறகு கொஞ்சம் யோசித்து, "அந்த ரெண்டாவது நல்லாயிருக்கு. நிச்சயிச்ச பிள்ளையாப் போய், அங்கை தாலி கட்டினாப் பிறகு சேர்ந்து இருக்கலாம். அதுதான் உண்மையும்கூட" என்றார்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வவுனியா ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவர். அவருக்கு மூன்றாவது வழிதான் வழி. பொங்கலுக்கு வந்தபோது, "அக்கா, நாளைக்கு அந்தப் பொடியன் அங்கை ஒரு வெள்ளைக்காரியைப் பிடிச்சால் என்ன செய்வாய்? இவள் நேர்ஸா இருந்தால் அவனையும் போ எண்டு சொல்லலாம்" என்றார். அம்மா அவரை முறைத்தார். எனக்கோ அந்த யோசனை நாக்கில் தேன் தடவியதுபோல இருந்தது. போ என்று சொல்ல எனக்கு ஆசையில்லை. சொல்லக்கூடிய ஒருத்தியாக இருப்பது எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் ஆசை.

இரத்தம் கண்டால் மயங்குவேனா என்று முதலில் பார்க்கவேண்டும் என்று மாமா என்னையும் அம்மாவையும் வவுனியாவுக்குக் கூட்டிப்போனார். பஸ்ஸில் பரந்தன் வரை, அங்கிருந்து ரயில். நெடுங்கேணிப் பக்கத்துக் காட்டோரத்தில் கோடரி காலில் பட்டுவிட்ட ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா கதவை அரைவாசி திறந்து என்னை உள்ளே விட்டார். நான் மயங்கவில்லை. ஊசி தோலுக்குள் எப்படி வளைந்து போகிறது, நூலை எங்கே முடிச்சுப் போடுகிறார்கள் என்று எட்டி எட்டிப் பார்த்தேன். அந்தத் தாதி திரும்பி, "தங்கச்சி, வெளிச்சத்தை மறையாதையும்" என்று அதட்டினார். வெளியே வாங்குப் பலகையில் இருந்த அம்மாதான் காயக்காரர் கத்திய சத்தம் கேட்டு முகம் வெளிறிப்போயிருந்தார்.

அன்று நான் தாதியாகவே போவது என்று மனதுக்குள் முடிவெடுத்துவிட்டேன். அந்த முடிவு மத்தியானம் வரைக்கும் இருந்தது.

மத்தியானம் மாமா எங்களைத் தனக்குத் தெரிந்த பிரக்கிராசியாரிடம் கூட்டிப்போனார். வழக்குப் பேசுபவர், சத்தியக் கடதாசிக்கு முத்திரை குத்தும் சமாதான நீதவானும் அவரே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விதிமுறைத் தாளைப் படித்தார். என் விவாகச் சான்றிதழையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, "தாதிப் பயிற்சிக்குக் கலியாணம் ஆகாத பிள்ளையளைத்தான் எடுப்பினம். விடுதியிலைதான் இருக்கவேணும். மூண்டு வருஷம். புருஷன் ஒரு தெரு தள்ளி இருந்தாலும் விடுதிதான்" என்றார்.

"அவள் இன்னும் கலியாணம் ஆகாதவள்தானே" என்றார் மாமா.

"இந்தக் கடதாசி ஆனவள் எண்டு சொல்லுது. இல்லையெண்டு எழுதிக் குடுத்துப் பேந்து பிடிபட்டால் திருப்பி அனுப்பிப்போடுவினம்."

அம்மாவுக்கு அது நல்ல செய்தி. முன்னுக்கு நகர்ந்து இருந்து, "அப்ப ரெண்டாவது வழியாலை அனுப்புவம் ஐயா. நிச்சயிச்ச பிள்ளை எண்டு" என்றார்.

"அதுக்கும் அதே கதைதான் அம்மா. நிச்சயம் எண்டால் இனிமேல்தான் கலியாணம். இவை ரெண்டு பேரும் ஏற்கெனவே புருஷன் பெண்சாதி. அந்த வழியாலை போறதெண்டால் முதலிலை கோர்ட்டிலை விவாகரத்து எடுக்கவேணும்."

"கலியாணமே நடக்கேல்லை. அதுக்குள்ளை விவாகரத்தோ?" என்று அம்மா கேட்டார். பிரக்கிராசியார் சிரிப்பை அடக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாமாவால் அடக்க முடியவில்லை. கலியாணம் செய்வதற்காக விவாகரத்து எடுத்த பெண் என்று என் பெயர் வன்னி முழுக்க அடிபடுவதை நினைத்து நானும் சிரித்துவிட்டேன். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

ஆக மிஞ்சியது ஒரே வழி. மனைவி. ரயிலில் திரும்பிவரும்போது மாங்குளம் தாண்டியதும் அம்மா, "கடதாசி வேலை எல்லாம் நீ உன்ர பாட்டுக்குச் செய். ஆனால் தாலி ஏறாமல் நீ படலை தாண்டமாட்டாய். அந்தத் தம்பியை வரச்சொல்லி எழுது" என்றார். படிப்பு முடியாமல் அவரால் வரமுடியாது. முடிவதற்குள் கதவு பூட்டப்படுமோ என்னவோ. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் அம்மா ஒரே விதமாகத்தான் பதில் சொன்னார். அவருக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஊர் வாய்க்குப் பயந்தவர் அல்ல அவர். ஊரே அவருடைய வாய்க்குத்தான் பயம்.

நான் என் பாட்டுக்குக் கடதாசி வேலையைத் தொடங்கினேன். முதலில் பாஸ்போட். விண்ணப்பத்தோடு நான் யார், எந்த ஊர், கலியாணம் ஆனவளா ஆகாதவளா என்று விதானையார் விசாரித்து ஒரு கடிதம் தரவேண்டும். அவர் சைக்கிளில் வந்தபோது நான் கடைப்பக்கம் போயிருந்தேன். அம்மாதான் வீட்டில். பிறகு அம்மா சொல்லித்தான் அங்கே என்ன நடந்தது என்று தெரியும்.

"பிள்ளைக்குக் கலியாணம் முடிஞ்சுதெண்டு போடட்டோ தங்கச்சி?" என்று விதானையார் கேட்டிருக்கிறார்.

"முடிஞ்சிருந்தால் உங்களுக்குச் சொல்லாமலோ முடிச்சிருப்பன்?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

விதானையாருக்கு அது முழு நியாயமாகப் பட்டிருக்கிறது. அவருக்கு இன்னும் கலியாணச் சாப்பாடு கிடைக்கவில்லை. மேளம் கேட்கவில்லை. சும்மா இராமல் பக்கத்துக் காணிக்காரரிடமும் போய் விசாரித்திருக்கிறார். அவர்களும், இன்னும் இல்லை, மாப்பிள்ளை சீமையில் நிற்கிறார் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்படி நாலு இடத்தில் தீர விசாரித்து, விவாகமாகாதவர் என்று எழுதி முத்திரையும் குத்தி மடித்து ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். என் எழுத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டதே அவர்தான். அது அவருடைய நினைவிலும் இருந்தது. பிறகு நான் போய்க் கேட்டபோது, "அது எழுத்தெல்லோ பிள்ளை. என்னட்டைக் கேட்டது கலியாணத்தை" என்று எனக்கே விளங்கப்படுத்தினார்.

ஒட்டிய கடிதத்தைப் பிரிக்காமல் விண்ணப்பத்தோடு அனுப்பிவிட்டேன். பாஸ்போட் வந்தது. அட்டை புது மணம் மணத்தது. திறந்து பார்த்தால் நான் ஐயாவின் மகள், விவாகமாகாதவர். விவாகச் சான்றிதழில் நான் இன்னாருடைய மனைவி. இரண்டையும் எடுத்துக்கொண்டு மாமாவோடு கொழும்புக்குப் போய், மனைவிமாருக்கு நுழைவுச் சான்றிதழ் கொடுக்கும் அலுவலகத்தில் நீட்டினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த வெள்ளைக்காரர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். அவர் மரியாதையான மனிதர். "இந்த இரண்டு பெண்களில் நீங்கள் யார்?" என்று இங்கிலீசில் கேட்டார். இரண்டும் நான்தான் என்றேன். எங்கள் வழக்கத்தைத் தெரிந்த இங்கிலீசில் விளங்கப்படுத்தினேன். அவருக்கு அது கதை கேட்பதுபோல இருந்திருக்க வேண்டும், கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். தாலியின் நிறையையும் பொன்னுருக்குவதையும்கூட விசாரித்தார். கடைசியில், "எனக்கு விளங்குகிறது, என் கோப்புக்கு விளங்காது" என்றார். விதானையாரிடம் நான் கலியாணமாகாதவள் என்று சொன்னது என் தாய் என்பதையும் நான் அவருக்கு மறைக்கவில்லை. ஆகவே அந்தத் தாயே சமாதான நீதவான் முன்னிலையில், நான் இன்னாரின் மனைவி என்று சத்தியக் கடதாசி முடித்து அனுப்பவேண்டும் என்றார். அது வந்தால் சான்றிதழ் தரலாம். வராவிட்டால் இல்லை.

மாமா வெளியே வந்து தலையில் கைவைத்தார். "கொம்மாவைப் பொய்ச்சத்தியம் செய்ய வைக்கிறதோ? அதைவிட லண்டனை இஞ்சை கொண்டுவரலாம்" என்றார்.

அம்மா மறுத்தார். கோபமாக அல்ல. கோபித்திருந்தால் நானும் கோபித்திருப்பேன், அது சுலபமாக இருந்திருக்கும். "நடக்காததை நடந்ததெண்டு சத்தியம் பண்ணச் சொல்லாதை பிள்ளை. எனக்கு நாக்கு வராது" என்று கெஞ்சுவதுபோலச் சொன்னார். காலபோக அறுவடை வந்தது. நெற்கதிர்களைப் பரப்பிச் சூடு மிதித்தோம். நெல்லை மூட்டை கட்டினோம். நாங்கள் இருவரும் வயல் வேலையைத் தவிர வேறொன்றும் கதைக்கவில்லை. எனக்குப் பயம் பிடித்தது. இந்த வீட்டில் எழுத்து முடிந்தவளாகவே கிழவியாகிவிடுவேனோ என்று பயந்தேன். சில நாள் அம்மாமேல் ஆத்திரம் பொங்கும். அடுத்த நிமிஷம் அவர் ஈரத் தலைத்துண்டோடு வரம்பில் நடந்துவருவதைக் கண்டால் அடங்கிவிடும்.

அந்த நாட்களில் லண்டனிலிருந்து அவருடைய கடிதம் வந்தது. நான் படலையடியிலேயே பிரித்து வாசித்தேன். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து, "என்னவாம்? உரத்து வாசி" என்றார். அப்படி ஒருநாளும் கேட்டதில்லை. வாசித்தேன். தான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவிடமும் வேலை செய்யும் இடத்தில் எல்லாரிடமும், தனக்கு மனைவி இருக்கிறா, ஊரிலிருந்து வரப்போகிறா என்று வந்த புதிதிலேயே சொல்லிவிட்டாராம். வீட்டுக்காரம்மா தினமும், உன் மனைவி எப்போது வருகிறாள் என்று கேட்கிறாவாம். அவவின் தாயார் அனுப்பும்போது வருவா என்று பதில் சொல்கிறாராம். வீட்டுக்காரம்மா அலுமாரியில் ஒரு தட்டை ஒதுக்கிவைத்து, இது உன் மனைவிக்கு என்று சொல்லியிருக்கிறாவாம். அந்தத் தட்டு இன்னும் வெறுமையாக இருக்கிறதாம்.

அம்மா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வேலை செய்யிற இடத்திலை எத்தினை பேர் இருப்பினம்?"

"தெரியாது அம்மா. கனபேர் இருப்பினம்."

"அவ்வளவு பேருக்கும் முன்னாலை சொல்லிப்போட்டாரோ, பெண்சாதி எண்டு?"

"ஓம்."

அம்மா குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். அடுத்த நாள் விடியக் குளித்து, பெட்டகத்திலிருந்து நல்ல வெள்ளைச் சேலையை எடுத்து உடுத்துக்கொண்டு வந்து, "வெளிக்கிடு. வவுனியாவுக்குப் போவம்" என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று பயம். ரயிலில் ஜன்னலோரம் இருந்து காட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். அவருக்குள் என்ன ஓடுகிறது என்று முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

பிரக்கிராசியார் எங்களைக் கண்டதும் எழுந்து கதிரை போட்டார். கடதாசியைத் தட்டச்சில் அடித்து முடித்துத் தமிழில் வாசித்துக் காட்டினார். இன்ன இடத்தைச் சேர்ந்த நான், உண்மையாகவும் பயபக்தியாகவும் வெளிப்படுத்துவது யாதெனில், எனது மகள் இன்னாரின் சட்டபூர்வமான மனைவியாவாள். வாசித்துவிட்டு, "ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா. சொல்லிப்போட்டுக் கீழை கையெழுத்து வையுங்கோ" என்றார்.

அம்மா பேனையை எடுக்கவில்லை. வந்த வழியே திரும்பப் போகிறோம் என்றுதான் நினைத்தேன்.

"அதிலை ஒரு சொல்லு எனக்குப் பிடிக்கேல்லை" என்றார் அம்மா.

"எது அம்மா?"

"சட்டபூர்வமான எண்டது. அதை எடுங்கோ. பெண்சாதியிலை ரெண்டு விதம் இருக்கோ? பெண்சாதி எண்டால் பெண்சாதி."

பிரக்கிராசியார் என்னைப் பார்த்தார். இவ்வளவு காலமும் இரண்டு விதம் இருக்கிறது என்று எல்லாரோடும் சண்டை பிடித்தவர் அம்மா. "சட்டத்துக்கு அந்தச் சொல்லு வேணும் அம்மா. இல்லாட்டில் ஏற்க மாட்டினம்" என்று மெல்லச் சொன்னார்.

"அப்ப சட்டத்துக்கு நீங்கள் எழுதுங்கோ. நான் சொல்லுறதை நான் சொல்லுறன்." அம்மா எழுந்து நின்றார். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டார். அறையில் பிரக்கிராசியாரும் தட்டச்சுக்காரரும் நானும்தான் இருந்தோம். ஆனால் வாய்க்காலடியில் ஊரையே கூப்பிடும் குரலில் சொன்னார். "இவள் என்ர மகள். என்ர மருமோன்ர பெண்சாதி. நான் கும்பிடுற அம்மாளாச்சி அறியச் சொல்லுறன்."

மருமகன் என்று அவர் வாயில் வந்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அந்தத் தம்பி, அந்தத் தம்பி என்றுதான் சொல்லிவந்தார். பிறகு குனிந்து, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். பிரக்கிராசியார் முத்திரை குத்தினார். தட்டச்சுக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

வெளியே நல்ல வெயில். ரயில் வர நேரமிருந்தது. பஸ் நிற்கும் இடத்தில் ஒரு கடையோர நிழலில் அம்மாவும் நானும் நின்றோம். நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"நாக்கு வராதெண்டு சொன்னியள். எப்பிடி அம்மா சொன்னியள்?"

"பொய்யெண்டால் வராது. அவர் அங்கை சபையிலை சொல்லிப்போட்டார். நான் இஞ்சை சபையிலை சொல்லிப்போட்டன். பேந்தென்ன?" முகத்தை ஒருதரம் துடைத்துக்கொண்டார். "ஒண்டு சொல்லட்டோ பிள்ளை? நான் தாலி தாலி எண்டு நிண்டது உனக்காகத்தான். ஆனால் அந்தத் தாலி கட்டுக்கு நான் கிட்ட வரேலாது. உன்ர ஐயாவை இழந்த விதவை நான். மாமான்ர பெண்சாதிதான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து மணவறையிலை இருத்தியிருப்பா. நான் குசினி யன்னலுக்குள்ளாலை பாத்துக்கொண்டு நிண்டிருப்பன். அதுக்கும் மனதைத் தயார்படுத்தித்தான் வைச்சிருந்தனான். இண்டைக்கு முன்னுக்கு நிண்டு நானே செய்து வைச்சிட்டன்."

சந்தைக்கு வந்த சனம் எல்லாம் பார்க்க, தெருவோரத்தில் நின்று நான் விம்மி விம்மி அழுதேன். யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து ஒரு கடைக்காரர் தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார்.

"ஒண்டுமில்லைத் தம்பி" என்றார் அம்மா அவரிடம். "மகளுக்கு இண்டைக்குக் கலியாணம்."